அதிகாரம் இல்லைன்னு சொல்ல நாப்பத்தோரு பக்கம்

...அதான் கேக்கறேன், இல்லைன்னு சொல்றதுக்கு நாப்பத்தோரு பக்கமாண்ணா? நம்ம வீட்டு வாசல்ல ஒருத்தர் வந்து ஒண்ணு கேட்டா, இல்லைன்னு எப்பிடிச் சொல்லுவோம்? தலைய ஆட்டுவோம். மிஞ்சிப்போனா கைய விரிப்போம். ஹைகோர்ட்டுல மூணு ஜட்ஜு, பதினாலு மாசம், நாப்பத்தோரு பக்கம். கடைசிப் பக்கத்துல, அடியிலேருந்து ரெண்டாவது வரியில சொல்றாங்க, 'இந்த அப்பீலைக் கேக்க இந்தக் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை.' என் தம்பி குத்தம் பண்ணானா பண்ணலையா, அதப் பத்தி ஒரு வரி கெடையாது. கேக்க முடியாதுன்னு சொல்றதுக்காகப் பதினாலு மாசம் கேட்டிருக்காங்க!

உக்காருங்க, உக்காருங்க. பேப்பர் அப்புறம் படிக்கலாம், அதுல ஒண்ணும் இல்ல, நான் காலையிலயே பாத்துட்டேன். உங்க டோக்கன் எத்தன? நாப்பத்தஞ்சா. நான் நாப்பத்தாறு. இப்பத்தான் முப்பத்தெட்டு போயிருக்கு. இந்த மாவட்டக் கோர்ட்டு ஜன்னல நாலு மணிக்கு மூடிடுவாங்க. மணி மூணு பத்து. ஆளுக்கு ஆறு நிமிஷம்னு வச்சுக்கிட்டா... வேணாம், அந்தக் கணக்கு வேணாம். உங்களுக்கு என்ன, தீர்ப்பு நகலுக்கா? அப்ப ஒரு நிமிஷ வேலை. சீட்ட நீட்டுனா முத்திரை குத்திக் குடுத்துடுவாங்க.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்... நாப்பத்தோரு பக்கம். அதுவும் வரிக்கு வரி ரெட்ட எடவெளி. ஒத்த எடவெளியில அடிச்சா இருவத்திரெண்டுல அடங்கிடும். எனக்கு எப்பிடித் தெரியும்னு பாக்கறீங்களா? என் தொழிலே அதாண்ணா. எதுத்தாப்புல ஜெராக்ஸ் கடை இருக்கில்ல, அதுக்கு மாடியில நீலக் கதவு. இருவத்தாறு வருஷமா டைப் அடிக்கிறேன். மொதல்ல மிஷின், இப்ப கம்ப்யூட்டர். இந்தக் கட்டடத்துக்குள்ள வர்ற மனுவுல பத்துக்கு நாலு என் வெரல் வழியா வந்ததுதான். வக்கீலுங்க சொல்லுவாங்க, நான் அடிப்பேன். பாதிப் பேரு வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே அடிச்சு முடிச்சுடுவேன். 'பணிவுடன் சமர்ப்பிப்பது என்னவென்றால்'னு ஆரம்பிச்சுட்டா மிச்சம் தன்னால வந்துடும்.

அந்தத் தலக்கனம்தான்னு என் வீட்டுக்காரர் சொல்லுவாரு. சொல்லட்டும். அவருக்கு ஒரு லீவு லெட்டரே நான்தான் எழுதிக் குடுக்கணும்.

தம்பி கதைக்கு வர்றேன். கூடப் பொறந்தது ஒருத்தன்தான். லிஃப்ட் மெக்கானிக். பன்னெண்டு கட்டடம் அவன் பொறுப்பு. மாசத்துக்கு ஒருக்கா ஒவ்வொரு லிஃப்டையும் மேல ஏறி, பிரேக்கு, கம்பிக் கயிறு எல்லாம் பாத்துட்டு ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போடணும். ஒரு மாசம் மேனேஜர் பன்னெண்டு ரெஜிஸ்டரையும் மேஜை மேல அடுக்கி வச்சுக்கிட்டு, 'நாளைக்கு சோதனைக்கு வர்றாங்க, எல்லாத்துலயும் போட்டுடு'ன்னிருக்காரு. இவனும் போட்டுட்டான். ஒம்பதுல ஏறிப் பாத்திருந்தான், மூணுல பாக்கல. விழறதுன்னா பாத்த ஒம்பதுல ஒண்ணு விழக்கூடாதா? பாக்காத மூணுல ஒண்ணுதான் விழுந்துச்சு. ரெண்டாவது மாடியிலேருந்து நேரா கீழ. உள்ள ஒரு பள்ளிக்கூட டீச்சர். கால் ரெண்டு எடத்துல ஒடஞ்சுபோச்சு. நான் பாக்கப் போனேன், பழம் வாங்கிக்கிட்டு. கதவத் தொறக்கல. தொறக்கணும்னு ஒண்ணும் இல்லையே. பழத்தத் திருப்பி எடுத்துக்கிட்டு வந்துட்டேன். அதத் திங்கவும் மனசு வரல.

முப்பத்தொம்பதா? போகட்டும், போகட்டும்.

கீழ்க்கோர்ட்டுல ரெண்டு குத்தம்னு தீர்ப்பு. பாக்காததப் பாத்தேன்னு எழுதினதுக்கு ரெண்டு வருஷம். அஜாக்கிரதையால காயம் ஏற்படுத்தினதுக்கு ரெண்டு வருஷம். ரெண்டும் ஒண்ணா ஓடும். அதாவது உள்ள இருக்கறது மொத்தமே ரெண்டு வருஷம்தான். மேனேஜருக்கு வெறும் அபராதம். அவரு எதுலயும் கையெழுத்துப் போடலையே! வெவரமான ஆளு.

இப்ப அப்பீல் எங்க போடறது? சட்டம் ரொம்பத் தெளிவு. மூணு வருஷம் வரைக்கும் தண்டனைன்னா இங்க, இந்த மாவட்டக் கோர்ட்டுல. அதுக்கு மேலன்னா ஹைகோர்ட்டுல. எங்க வக்கீல் ஒரு சின்னப் பொண்ணு, ஒரே வார்த்தையில சொல்லிடுச்சு, 'மாவட்டக் கோர்ட்டுதான்க்கா.' நான் சொன்னேன், 'ஏம்மா, ரெண்டும் ரெண்டும் எத்தன?' அது பேந்தப் பேந்த முழிச்சுது. 'நாலு. நாலு மூண விடப் பெருசா சிறுசா? அப்ப ஹைகோர்ட்டு.' 'ஒண்ணா ஓடுதேக்கா'ன்னுச்சு. 'ஓடறது வேற, எழுதியிருக்கறது வேற. காகிதத்துல ரெண்டு தடவ ரெண்டு வருஷம்னு எழுதியிருக்கா இல்லையா'ன்னு ஒத்தக் கால்ல நின்னேன்.

அந்தப் பொண்ணப் பத்தி ஒண்ணு சொல்லணும். அவங்க வீட்டுல காலேஜ் வாசல மொத மொதல்ல மிதிச்சது அதுதான். அப்பா பெயிண்டர். கறுப்புக் கவுனு வெளுத்துடுமோன்னு வீட்டுக்குள்ளயே கொடி கட்டி நெழல்ல காயப்போடும். எந்தக் காகிதத்தையும் மூணு தடவ படிக்காமக் கையெழுத்துப் போடாது. 'என் மேல நம்பிக்கை இல்லையா'ன்னு கேட்டா, 'எனக்கு என் மேலதான்க்கா இல்ல'ங்கும். அப்பிடிப்பட்ட பொண்ணுகிட்ட இருவத்தாறு வருஷ அனுபவத்தத் தூக்கிக் காட்டினா என்ன பண்ணும்? பழைய தீர்ப்பெல்லாம் பொரட்டிப் பாத்துட்டு வந்து, 'உங்க பக்கமும் ஒரு தீர்ப்பு இருக்குக்கா, எதிர்ப்பக்கமும் ஒண்ணு இருக்கு'ன்னுச்சு. ஒண்ணு இருக்கில்ல? போதும்னேன். தம்பி பொண்டாட்டி, 'அண்ணிக்குத் தெரியாததா'ன்னுட்டா. அவ்வளவுதான், போட்டாச்சு.

ஹைகோர்ட்டு எப்பிடி இருக்கும்னு பாத்திருக்கீங்களா? ஒவ்வொரு கதவும் ரெண்டு ஆள் ஒசரம். தொறக்கறதுக்கே ஒரு ஆள் நிக்கிறாரு. உள்ள போனதுமே நம்ம குரல் கொறஞ்சுடும். என் குரலே கொறஞ்சுதுன்னா பாத்துக்குங்க. ரெண்டாவது வாய்தாவுல ஜட்ஜு கண்ணாடியக் கழட்டித் தொடச்சுக்கிட்டே, 'மொதல்ல ஒண்ணு சொல்லுங்க, இத நாங்க கேக்கலாமா?'ன்னாரு. அரசாங்க வக்கீல் எந்திரிச்சு, 'எங்களுக்கு ஆட்சேபணை இல்லீங்க ஐயா'ன்னாரு. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. எதிராளியே ஒத்துக்கிட்டான், அப்புறம் என்ன? ஜட்ஜு சிரிச்சாரு. 'நீங்க ரெண்டு பேரும் சேந்து எனக்கு அதிகாரம் குடுக்கறீங்களா? அது உங்க கையில இல்லையே'ன்னுட்டு, ரெண்டு பழைய தீர்ப்பு ரெண்டு விதமாச் சொல்லுது, மூணு ஜட்ஜு உக்காந்து முடிவு பண்ணட்டும்னு அனுப்பிட்டாரு.

சரி, அதுவரைக்கும் ஜாமீனாவது குடுங்கன்னு கேட்டோம். அதுக்கு என்ன பதில் தெரியுமா? 'அப்பீலைக் கேக்க அதிகாரம் இருக்கான்னே தெரியல, ஜாமீன் குடுக்க அதிகாரம் இருக்கான்னு எப்பிடித் தெரியும்?' நாயந்தான். எங்கயும் ஓட்ட கண்டுபிடிக்க முடியல. அந்த நாயத்துக்குள்ள என் தம்பி பதினாலு மாசம் உக்காந்திருந்தான்.

நாப்பத்தொண்ணா... நாப்பது எப்பப் போச்சு? நான் பாக்கவே இல்லையே.

மூணு ஜட்ஜு. நடுவுல வயசானவரு, இந்தப் பக்கம் ஓயாமக் குறிப்பெடுக்கறவரு, அந்தப் பக்கம் ஒரு அம்மா. அந்த அம்மா கேட்டாங்க, 'ரெண்டு பேரு ஒரே பஸ்ல பக்கத்துல பக்கத்துல உக்காந்து ஒரு மணி நேரம் போறாங்க. அது ரெண்டு மணி நேரப் பயணமா?' கோர்ட்டே சிரிச்சுது. வக்கீல் பொண்ணுகூட வாயப் பொத்திக்கிச்சு. நான் சிரிக்கல. வீட்டுக்குப் போய்ப் படுத்து யோசிச்சேன், நாலு நாள் யோசிச்சேன், அந்த பஸ்ஸுக்கு எதிரா ஒரு வாதமும் எனக்கு வரல.

தீர்ப்பு நல்லா எழுதியிருந்தாங்க, அதச் சொல்லித்தான் ஆகணும். 'அதிகாரத்தைச் சட்டம் தர வேண்டும். வழக்காடுபவர்களின் சம்மதம் தர முடியாது. இந்த நீதிமன்றம் பெரியது என்பதாலேயே எல்லாவற்றையும் கேட்டுவிட முடியாது.' எத்தன ஆயிரம் பக்கம் அடிச்சிருக்கேன், இந்த மாதிரி ரெண்டு வரி அடிச்சதில்ல. படிச்சுட்டு ஒரு பக்கம் அழுகை வருது, ஒரு பக்கம் எடவெளி சரியா இருக்கான்னு கண்ணு போகுது. தொழில் புத்தி.

இன்னிக்கு அவன் உள்ள போயி பதினாறு மாசம். மிச்சம் எட்டு மாசம். மொதல்லயே இங்க போட்டிருந்தா? ஒரு வாரத்துல ஜாமீன் கெடச்சிருக்கும். ஒரே வாரம்ணா! வெளிய இருந்துக்கிட்டே அப்பீல நடத்தியிருக்கலாம். சொல்றது யாரு? எல்லாரும்தான். தம்பி பொண்டாட்டி மட்டும் சொல்லல. அவ எங்கிட்டப் பேசறதே இல்ல. போன்ல சத்தம் போட்டாக்கூடத் தேவல. 'சரிங்க அண்ணி'ன்னுட்டு வச்சுடறா. அதுல 'ங்க' புதுசு. முன்னாடி 'சரி அண்ணி'தான்.

தம்பி? அவனுக்கென்ன, அங்க தண்ணி மோட்டார் ரிப்பேரு பண்றானாம். மாடியில அஞ்சு ஃபேன ஓட வச்சுட்டானாம். எதுலயும் கையெழுத்துப் போட வேண்டியதில்லையாம், நிம்மதியா இருக்குன்னான்.

என்ன, மணியப் பாக்கறீங்க? இன்னும் நேரம் இருக்குண்ணா. எனக்குத்தான் இல்ல.

கேளுங்க. ஹைகோர்ட்டு கதவ அடைக்கும்போது ஒரு சந்து விட்டுச்சு. முப்பது நாளைக்குள்ள மாவட்டக் கோர்ட்டுல அப்பீல் போட்டுக்கலாம். தப்பான கோர்ட்டுக்குப் போனது நல்லெண்ணத்துல நடந்த தப்புன்னா, வீணாப்போன மாசத்த மன்னிச்சு ஏத்துக்குவாங்க. ஏன் போனோம்னு பிரமாணப் பத்திரம் எழுதிக் குடுக்கணும். கேஸ நடத்தினது நானு, அதனால நான்தான் குடுக்கணும். இன்னிக்கு முப்பதாவது நாள்.

இருவத்தொம்பது நாளா என்ன பண்ணேன்னு கேப்பீங்க. அடிச்சேன். மொத நாளே எல்லாத்தையும் அடிச்சு முடிச்சுட்டேன், மூணாம் பக்கத்துல அஞ்சாவது பத்தி மட்டும் பாக்கி. 'ஹைகோர்ட்டில் அப்பீல் செய்ததற்கான காரணம் யாதெனில்.' அதுக்கப்பறம் வெரல் நகரல. ஊருக்கெல்லாம் காரணம் அடிச்சுக் குடுத்தவ நானு. கல்யாண வீட்டுக்குப் போயிட்டு வாய்தாவுக்கு வராதவனுக்கு 'கடும் வயிற்றுவலி' அடிச்சிருக்கேன். அதுல ஒருத்தருக்கு ரெண்டு வருஷத்துல நாலு தடவ வயித்துவலி. கை கூசினதே இல்ல.

வக்கீல் பொண்ணு நேத்து வந்துச்சு. திண்டாடறதப் பாத்துட்டு, மெதுவா, 'அக்கா, நான் தப்பா யோசனை சொன்னேன்னு போட்டுடுங்க. வக்கீலோட தப்புன்னா உடனே மன்னிச்சுடுவாங்க'ன்னுச்சு. சரியாச் சொன்ன பொண்ணு! தப்பாச் சொன்னேன்னு எழுதிக்கங்கன்னு எங்கிட்டக் கேக்குது. 'உன் பேரு கெடாதா'ன்னேன். 'கெடும்தான்க்கா. ஆனா அவரு வெளிய வந்துடுவாரு'ன்னுட்டு, தண்ணி கேட்டு வாங்கிக் குடிச்சுது. தொழிலுக்கு வந்து ரெண்டு வருஷம்தான் ஆகுது. அந்த ஒரு வரி அது பேர்ல எந்நாளும் ஃபைல்ல கெடக்கும்.

ஞாயித்துக்கெழம தம்பியப் பாத்தப்ப அவன்கிட்டயும் கேட்டேன், வக்கீல் தலையில கட்டிடலாமாடான்னு. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு யோசிச்சான். 'பாக்காததப் பாத்தேன்னு கையெழுத்துப் போட்டுத்தான்க்கா நான் இங்க வந்தேன். நீயும் போட்டுக்கிட்டு வராத, எடம் பத்தாது'ன்னான். சிரிச்சேன். அப்புறம், 'ஆனா எட்டு மாசம் கொஞ்சம் நீளந்தான்க்கா'ன்னான். அதுக்குச் சிரிக்கல.

நாப்பத்து மூணு. ஆமா, வந்துடும், உங்களுது வந்துடும்.

எழுத வேண்டியதுதானே, ரெண்டும் ரெண்டும் நாலுன்னு நெனச்சேன்னு? மூணு ஜட்ஜே நாப்பத்தோரு பக்கம் யோசிச்ச விஷயம், டைப் அடிக்கறவ தப்பா நெனச்சா குத்தமா? அப்பிடித்தானே கேக்கறீங்க? நீங்க கேக்கல. சரி. ஆனா அந்தக் கணக்கு... அது அப்புறமாப் போட்ட கணக்குண்ணா.

மொதல்ல, இந்த ஜன்னலுக்கு வரக்கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன். அதுக்கப்பறந்தான் ரெண்டும் ரெண்டும் நாலாச்சு.

மெதுவாச் சொல்றேன், கொஞ்சம் கிட்ட வாங்க. உள்ள உக்காந்திருக்காருல்ல, கண்ணாடி போட்டு, நரைச்ச மீசை? வெளிய எல்லாரும் அவர 'ஸ்கேலு'ன்னுதான் சொல்லுவோம். மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு சொத்துக் கேஸு, அம்பத்தாறு பக்கம் நானே கொண்டாந்து குடுத்தேன். இதே மாதிரி ஹாலு நெறைய ஆளு. அவரு டிராயரத் தொறந்து ஸ்கேல எடுத்தாரு. இடது ஓரத்துல வச்சாரு. 'ஒன்றரை அங்குலம் விடணும்மா. ஒண்ணேகால்தான் இருக்கு. தைச்சா எழுத்து உள்ள போயிடும்.' நான் சொன்னேன், 'சார், என் வெரலே ஸ்கேலுதான்.' அவரு நிமிந்துகூடப் பாக்கல. 'அப்ப வெரல மாத்திட்டு வாங்க'ன்னுட்டாரு. சிரிச்சாங்க பாருங்க... நான் அடிச்சுக் குடுத்த காகிதத்தக் கையில வச்சுக்கிட்டே சிரிச்சாங்க. அம்பத்தாறு பக்கத்தையும் அள்ளிக்கிட்டுப் போயித் திருப்பி அடிச்சேன். அன்னிக்கோட சரி, இந்த ஜன்னல் பக்கம் தல வச்சுப் படுக்கல. கட்சிக்காரங்களே கொண்டுவந்து குடுத்துக்குவாங்க. தம்பி கேஸுன்னா நான்தானே வந்து நிக்கணும்? வாய்தாவுக்கு வாய்தா இவரு மூஞ்சியில முழிக்கணுமேன்னு நெனச்சேன். அந்த நிமிஷம் ஹைகோர்ட்டுக்குத்தான் அதிகாரம்னு எனக்குப் பளிச்சுன்னு புரிஞ்சுபோச்சு.

ஸ்கேலு திருப்பி அனுப்பின அன்னிக்கு வீட்டுக்குப் போய் அளந்தேன். ஒண்ணேகால்தான் இருந்துச்சு. இத நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. என் வீட்டுக்காரருக்கே தெரியாது.

இப்பப் புரியுதா? இந்தப் பத்திரத்துல கையெழுத்து வீட்டுல போடக்கூடாது. அவரு முன்னாடிதான் போடணும். மூணாம் பக்கத்த அவரு படிப்பாரு, 'இதுல சொல்லியிருக்கறது உண்மைதானா'ன்னு கேப்பாரு, உண்மைன்னு சொல்லணும், அப்புறம் போடணும். அதான் முறை.

மூணாம் பக்கம் ரெண்டு வச்சிருக்கேன். இது வக்கீல் பொண்ணு சொன்னது. 'எனது வழக்கறிஞரின் தவறான ஆலோசனையின்பேரில்...' ரெண்டே வரி, வழுக்கிக்கிட்டுப் போகுது. இன்னொண்ணு காலையில அடிச்சேன். படிக்கறேன் கேளுங்க. 'வழக்கறிஞர் சரியான நீதிமன்றத்தையே சொன்னார். நான் கேட்கவில்லை. இம்மாவட்ட நீதிமன்றத்தின் தாக்கல் ஜன்னலில் பணிபுரியும் அலுவலர்மீது எனக்கிருந்த சொந்தக் கோபத்தால் இங்கு வர விரும்பாமல், தண்டனைக் காலத்தை நான்கு ஆண்டுகள் என்று கணக்கிட்டு, பின்னர் அக்கணக்கை நானே நம்பவும் செய்தேன். அக்கோபத்தில் என் தம்பிக்குப் பங்கில்லை. அதற்கான தண்டனையை மட்டும் அவன் அனுபவித்து வருகிறான்.'

எப்பிடி இருக்கு? இத எந்த ஜட்ஜாவது நல்லெண்ணம்னு சொல்லுவாரா? மன்னிக்கலன்னா எட்டு மாசம். வக்கீல் பொண்ணு சொன்னதக் குடுத்தா ஒரு வாரம். ஒரு வாரமா எட்டு மாசமான்னா எவளுக்கும் தெரியும் எது பெருசுன்னு. நீங்களே சொல்லுங்கண்ணா, வெளி ஆளு, உங்களுக்கு நாங்க வேண்டியவங்களும் இல்ல, வேண்டாதவங்களும் இல்ல. எதக் குடுக்கறது? சும்மா கையக் காட்டினாப் போதும். இதா? இதா?

நாப்பத்தஞ்சு. உங்களத்தான். போங்க, போங்க, நான் எடத்தப் பாத்துக்கறேன். வந்து சொல்லுங்க.

...ஒரு நிமிஷந்தான் ஆகும்னு சொன்னேன்ல. முத்திரை குத்தியாச்சா? அண்ணா... அண்ணா, இந்தப் பக்கம். அது வெளிய போற கதவு... போயிட்டாரு. பேப்பரக்கூட எடுத்துக்கல. ஒரு தலையாட்டலாவது ஆட்டிட்டுப் போயிருக்கலாம்.

நாப்பத்தாறா? இருக்கேன், இருக்கேன் சார். வந்துட்டேன்.

வணக்கம் சார். ...ஆமா, நான்தான். ...தெரியும் சார், மூணு வருஷம் ஆச்சு. ...சொந்தக் கேஸு, தம்பி. இந்தாங்க அப்பீலு, இது தீர்ப்பு நகல். பிரமாணப் பத்திரம் மொத்தம் நாலு பக்கம், மூணாவது தனியா இருக்கு, இதோ வச்சுடறேன். ...இல்ல சார், அது வக்கீல் தப்புன்னு அடிச்ச காகிதம், அது வேணாம். கிழிச்சுடுங்க. இல்ல, குடுங்க, நானே கிழிச்சுடறேன்.

அஞ்சாவது பத்தியப் பாருங்க சார். ...மெதுவாவே படிங்க, மணி இன்னும் நாலாகல.

...

...உண்மைதான் சார்.

...எங்க போடணும், இங்கயா? ...ஆமா சார், அந்த அலுவலர் நீங்கதான், மிச்சத்தையும் படிங்க. நான் ஒண்ணும் பேசல.